ஏற்றத்தில் மட்டும் ஏறும் முள்

கேள்வி: என்னிடம் ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் எஸ்யூவி இருக்கிறது. 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. சமதரையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு மலைப்பாதையில் ஏறினால், ஐந்தாறு கொண்டை ஊசி வளைவுகளுக்குள் சிவப்புக்குப் போய்விடுகிறது. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, கூலன்ட் எல்லாம் மாற்றியாயிற்று. இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பாகத்துக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்கலாமா ஐயா?

பதில்: இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். கீழே சொல்வதையெல்லாம் பார்த்து முடிக்கும் வரையாவது பொறுங்கள்.

உங்கள் கடிதத்தில் சமதரையையும் ஏற்றத்தையும் பற்றிச் சொன்ன வரிகள்தான் எனக்கு முக்கியம். சூடாகும் வண்டி எது வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பு 'எப்போது சூடாகிறது?' என்றுதான் கேட்பேன். நெரிசலில் ஊரும்போது சூடாகி, வேகம் எடுத்ததும் இறங்கினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. நல்ல வேகத்தில் ஓடும்போது சூடானால், காற்று தாராளமாகக் கிடைக்கிறது, உள்ளே தண்ணீர் சரியாக ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு இருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் அமுங்கி ஒட்டிக்கொள்ளலாம். காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடங்களிலேயே சூடானால் கூலன்ட் குறைந்திருக்கிறதா, சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் மூடியபடி நின்றுவிட்டதா, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பார்க்கலாம்.

உங்களுடையது முதல் வகை. மலை ஏறும்போது இன்ஜின் டீசலை அள்ளிக் குடிக்கிறது. எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். வண்டியோ 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது, முன்னாலிருந்து அடிக்கும் காற்று சொற்பம். மொத்தப் பாரமும் ஃபேன் மேல் விழுகிறது. சமதரையில் எதிர்காற்று ஃபேனின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவதால், அதன் பலவீனம் அங்கே தெரிவதில்லை.

இந்த அளவு டீசல் வண்டிகள் பலவற்றில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும், ஃபேன் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும். நடுவில் உருண்டையாக, துடுப்புகளோடு ஒரு பாகம் இருக்கும், அதுதான் ஃபேன் கிளட்ச். அதன் முகத்தில் சுருள் போன்ற ஒரு தகடு உண்டு. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் சுருள் விரிந்து உள்ளே ஒரு வழியைத் திறக்கும். சிலிக்கோன் எண்ணெய் பாய்ந்து ஃபேனைப் பிடித்துக்கொள்ளும், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். வருடங்கள் போகப்போக அந்த எண்ணெய் கசிந்து வற்றிவிடும். ஃபேன் சுற்றுவது மாதிரியே தெரியும், இழுக்கும் காற்றில் பலம் இருக்காது.

ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். மலை ஏறும்போது, முள் உயரத் தொடங்கும் நேரத்தில், பானெட்டுக்குள்ளிருந்து பெருங்காற்று போல ஒரு இரைச்சல் கேட்டதா? ஃபேன் கிளட்ச் பிடித்தால் அந்த இரைச்சல் கட்டாயம் கேட்கும். கேட்கவே இல்லை என்றால் எனக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி. அப்புறம், இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில் அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். எண்ணெய்க்குள் சுற்றுவது போலக் கனமாக இருக்க வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. அதன் மேல் தூசி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அதே அர்த்தம்தான். ஓடும் ஃபேனுக்குள் சுருட்டிய காகிதத்தை விட்டுப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள்; கைவிரல் போகும். உங்கள் வண்டியில் மின்சார ஃபேன் இருந்தால் வேலை இன்னும் எளிது: ஏசியைப் போட்டதும் சுற்றுகிறதா, சூடு ஏறியதும் வேகம் கூடுகிறதா என்று பாருங்கள். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று அந்த வரிசையில் தேடினால் போதும்.

அடுத்தது, முன்னாலிருந்து கண்ணுக்கே தெரியாத இடம். ரேடியேட்டருக்கு முன்னால் அதைப் போலவே நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில், உங்களுடையதைப் போலவே ஒரு பெரிய வண்டி என்னிடம் வந்தது. ஹெட் கேஸ்கெட்தான் என்று முடிவுகட்டி, இரண்டு நாள் வேலை செய்து மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அதே கோளாறோடு திரும்பி வந்தது. ரேடியேட்டரைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்: புல் விதை, பூச்சி, மண் எல்லாம் படிந்து, கம்பளித் துண்டு மாதிரி முக்கால்வாசி முகத்தையும் மூடியிருந்தது. கண்டென்சர் முன்பக்கம் பளிச்சென்று சுத்தம். அந்த வண்டிக்காரரிடம் இன்ஜினைப் பிரித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து டார்ச் அடித்து அந்த இடைவெளியைப் பார்க்காமல் வேறு எதையும் தொடுவதில்லை. கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் கழுவச் சொல்லுங்கள். பிரஷர் வாஷர் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி இருக்கும் வழியும் அடைந்துவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலோ, முன்பு வேலை பார்த்தவர்கள் அதைத் திரும்பப் பூட்டாமல் விட்டிருந்தாலோ அதையும் சரிசெய்யுங்கள். அது இல்லாமல் ஃபேன் காற்றை ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் இழுக்காது.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தையும் பிரிக்காமலே தீர்த்துக்கொள்ளலாம். இரவு முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்ததும், சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? எங்கும் ஒழுகாமலே கூலன்ட் குறைகிறதா? கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வருகிறதா? தொட்டியின் வாயில் வைத்துச் சோதிக்கும் ஒரு திரவம் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இவை எதுவும் இல்லையென்றால் இன்ஜினில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. பல வண்டிகளில் முள் உண்மையைச் சொல்வதில்லை. கூலன்ட் 80 டிகிரியிலிருந்து 100 வரை எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முள் நகரும்போது நிலைமை முற்றியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினி காட்டும் எண்களைப் படிக்க ஓபிடி சாக்கெட் என்று ஒன்று இருக்கும்; அதில் ஸ்கேனரை மாட்டி, வேறொருவரை ஓட்டச் சொல்லி, எண்ணைப் பார்த்துக்கொண்டே மலை ஏறுங்கள். எந்த இடத்தில், எந்த வேகத்தில், ஏசி போட்டா போடாமலா ஏறுகிறது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு போனால் எந்த மெக்கானிக்கும் உங்கள் வண்டியை ஊகத்தில் பிரிக்க முடியாது.

கேள்வி: வழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டால் உடனே என்ன செய்வது?

பதில்: ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வியர்த்தாலும் பரவாயில்லை, அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ முள் இறங்காவிட்டாலோ இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியை மட்டும் திறக்காதீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாகவே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் அதற்கும் மேலே போயிருக்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைப் பயமில்லாமல் கையால் பிடிக்க முடியும் வரை காத்திருங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் வண்டி சூடாகாது என்கிறார்களே?

பதில்: கேட்காதீர்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத் தகடு, திறக்கும்போது இன்னொரு குறுக்கு வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். சமதரையிலோ இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடி, டீசல் கூடுதலாகச் செலவாகும். சந்தேகம் இருந்தால், கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். அதன் மேலேயே 82 என்றோ 88 என்றோ அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்தால் அதையே திரும்பப் போடுங்கள்.