கையைத் தூக்கிப் பாருங்கள்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் பழைய மிதி மெஷினில் இப்போதுதான் தைக்கப் பழகுகிறேன். ரெடிமேடாக வாங்கிய காட்டன் குர்த்தி மார்பில் 2 அங்குலம் தொளதொளவென்று இருந்தது. பக்கத்துக்கு 1 அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தேன். இப்போது மாட்டவே திணறுகிறது, அக்குளில் சுருக்கம் வேறு. பேசாமல் டெய்லரிடம் கொடுத்திருக்கலாமோ?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள தங்கைக்கு,

தையலைக் குறை சொல்லாதீர்கள், கணக்குதான் சறுக்கிவிட்டது. ஒரு பக்கத் தையலில் முன்துணி, பின்துணி என்று இரண்டு சேர்கின்றன. 1 அங்குலம் உள்ளே தள்ளினால் முன்னால் 1, பின்னால் 1 போகும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 4 அங்குலம்! உங்களுக்குக் குறைய வேண்டியது 2 தானே, பக்கத்துக்கு அரை அங்குலம் போதும்.

மிச்சத் துணியை வெட்டினீர்களா என்று எழுதவில்லை. வெட்டவில்லை என்றால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. பாதி பிளேடை எடுத்துப் புதுத் தையலில் நாலைந்து கண்ணுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். வெட்டியிருந்தால் அக்குளுக்குக் கீழே நிறம் ஒத்த துண்டு வைத்துத் தைக்க வேண்டியதுதான். நானும் வெட்டியவள்தான். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரின் பேன்ட் உயரத்தைக் குறைக்கப் போய், ஒரே காலை இரண்டு தடவை வெட்டிவிட்டேன். அந்த பேன்ட் கொஞ்ச காலம் அடுப்படியில் பிடிதுணியாக இருந்தது.

அக்குள் சுருக்கத்துக்கு வருவோம். நீங்கள் அக்குளிலிருந்து கீழே மட்டும் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடம்பு சின்னதாகிவிட்டது, கை பழைய அளவிலேயே நிற்கிறது. அப்புறம் சுருங்காமல் என்ன செய்யும்? கையின் பாதியிலிருந்தே கோடு போடுங்கள். பழைய தையலை ஒட்டி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, அக்குளில் முனையாகத் திரும்பாமல் வளைந்து, இடுப்பு வழியாக இறங்கி, ஸ்லிட்டுக்கு மேலேயே பழைய தையலோடு சேர்ந்துவிட வேண்டும். ஸ்லிட்டைத் தொட்டால் அது தனி வேலை.

கோடு போட்டதும் மெஷினில் உட்கார்ந்துவிடாதீர்கள். பளிச்சென்ற வேறு நிற நூலில் கையாலேயே பெரிது பெரிதாக ஓட்டுத்தையல் போட்டு, மாட்டிப் பாருங்கள். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், குனிந்து வாளியை எடுங்கள், தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். எங்கும் பிடிக்கவில்லை என்றால் மெஷின். கோடு போடுவதற்கும் முன்னால் ஒரு தடவை துவைத்துவிடுங்கள், காட்டன் சுருங்கினாலும் சுருங்கும்.

டெய்லர் விஷயம். தோள் தையல் கையில் இறங்கித் தொங்கினால் பக்கத்தைப் பிடித்துப் பயனில்லை. கையைப் பிரித்து, தோளை வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். இப்போதைக்கு அதை டெய்லரிடமே கொடுங்கள். பக்கத் தையலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.