1980களின் ஈய வீரர் பொம்மையில் பிளாஸ்டிக் கையைப் பொருத்த முடியுமா?

தாராளமாக முடியும். பிளாஸ்டிக் சிமென்ட் மட்டும் வேண்டாம். அது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது, உலோகத்தில் பிடிக்காது. இரு பக்கமும் 1 மி.மீ. துளையிட்டு, நடுவே பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, சூப்பர் குளூ போடுங்கள். கம்பி இல்லாமல் ஒட்டிய கை மேசைப் போர் விளையாட்டின் நடுவே கழன்றுவிடும். மிச்ச இடைவெளியை எபாக்சி மாவால் (இரு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் மாவு) நிரப்பி, ஈரக் கருவியால் இழைத்துவிடலாம்.

அளவையும் பாருங்கள். அந்தக் காலச் சிட்டாடல் (பிரிட்டிஷ் விளையாட்டு உருவத் தயாரிப்பாளர்) உருவங்கள் இன்றையவற்றைவிடச் சிறியவை, புதிய கை பெரிதாகத் தெரியும். 1987இல் 30 ‘ஸ்பேஸ் மரீன்’ விண்வெளி வீரர்களோடு வந்த அவர்களின் ஆர்.டி.பி.01 என்ற பிளாஸ்டிக் பெட்டியின் உதிரிகளே என் தேர்வு.

ஈயத்தூள் உடம்புக்குக் கெடுதல். உலர்ந்தபடி அராவாதீர்கள், நனைத்து அராவி, கையைக் கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் வேண்டவே வேண்டாம். அரிய உருவத்தையும் வெட்டாதீர்கள், ஏற்கெனவே உடைந்ததை வாங்கி மாற்றுங்கள்.