அத்தையின் உதட்டுக் கொப்புளம்

கேள்வி: என் 4 வயது மகனுக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கும் நோய், உண்டு. இப்போது வயிற்றில் 12 மொலஸ்கம் பருக்கள். இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும் என்று இணையத்தில் படித்தேன். வேப்பிலையும் உப்பும் அரைத்துத் தேய்க்கிறேன், வீட்டிலிருந்த ஸ்டீராய்டு களிம்பும் தடவுகிறேன். போன வாரம் வந்த அத்தைக்கு உதட்டில் கொப்புளம். அவரிடமிருந்து தொற்றியிருக்குமா?
- ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மூளைக்குப் போகாது. மொலஸ்கம், அதாவது பாலுண்ணி, மேல்தோலோடு நின்றுவிடும். அங்கே ரத்தக் குழாயே கிடையாது. பருக்கள் கூடுவது பெரும்பாலும் சொறிந்த நகத்தால். பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்குள் தானாக மறையும். நீச்சலுக்குப் போகலாம், பருக்களை மூடிவிடுங்கள், துண்டு மட்டும் தனியாக இருக்கட்டும்.

உப்புத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். தோலின் வெளி அடுக்கு முழுவதும் இறந்த செல்கள், இடையில் கொழுப்புப் பூச்சு. கிருமி பெருக உயிருள்ள செல் வேண்டும். அந்த அடுக்கைக் கடந்தால்தான் அது கிடைக்கும். எக்ஸிமா பிள்ளைகளுக்கு அந்தப் பூச்சு ஏற்கெனவே குறைவு. அதைத் தேய்த்து எடுத்தால் கிருமிக்கு வழி திறந்துவிடுகிறோம். ஸ்டீராய்டு களிம்பும் பருக்களுக்கு மருந்தல்ல. எக்ஸிமாவுக்கு மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடத்தில் மட்டும் போடுங்கள். ஈரப்பத களிம்பைத் தாராளமாகப் பூசலாம்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, அத்தையின் உதட்டுக் கொப்புளம், அதுதான் எனக்குக் கவலை. அது மொலஸ்கம் அல்ல, பெரும்பாலும் ஹெர்பிஸ் என்ற வேறொரு வைரஸ் கிருமி. நல்ல தோலில் ஓரிடத்தில் வந்து அடங்கும். எக்ஸிமா தோலில் தடுக்க ஆளில்லாமல் மளமளவென்று பரவும், ரத்தத்திலும் கலக்கலாம்.

இரண்டு வாரம் பிள்ளையை நன்றாகக் கவனியுங்கள். மொலஸ்கம் வலிக்காது, நடுவில் சிறு குழி இருக்கும். ஹெர்பிஸ் அப்படியல்ல. எக்ஸிமா உள்ள இடத்தில் ஒரே அளவான நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வரும், அப்புறம் உடைந்து, துளையிட்டதுபோல் புண்ணாகும். அரிப்பைவிட வலி அதிகம், காய்ச்சலும் வரலாம். இதைக் கண்டால் பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்கவும் வேண்டாம். இரவானாலும் கேகே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஹெர்பிஸை அடக்கும் அசைக்லோவிர் மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் குணமாகும். கண்ணருகே வந்தால் கருவிழிக்கே ஆபத்து.

அத்தைக்கு மறுபடி கொப்புளம் வந்தால், பொருக்கு உதிரும்வரை பிள்ளைக்கு முத்தம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.