கமராப் பையும் விறைக்கும் விரல்களும்

கேள்வி: எனக்கு வயது 44, எடை 61 கிலோ. வங்கியில் வேலை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் பக்கம் போய்ப் பறவைகளையும் மலைகளையும் படம் பிடிப்பேன். சாமான்கள் எல்லாவற்றையும் ஒற்றைத் தோளில் மாட்டும் பையில்தான் கொண்டு போகிறேன். மூன்று மாதமாக வலது தோளும் கழுத்தும் உளைகின்றன. நடக்கும்போது மோதிர விரலும் சின்ன விரலும் விறைத்துப் போகின்றன. பையைக் கழற்றினால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். முதுகில் போடும் பை வாங்க நினைக்கிறேன். எப்படிப்பட்டதைப் பார்த்து வாங்குவது?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: எந்த விரல்கள் விறைக்கின்றன என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய உதவி. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்திலிருந்து இறங்கி, காறை எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய வழியால் வருகின்றன. பாரமான பட்டி தோளைக் கீழே இழுக்கும்போது அந்த வழி இன்னும் ஒடுங்கிவிடும். அங்கே முதலில் நசிவது பெரும்பாலும் கீழ்ப்பக்கத்து நரம்புகள்தான். அவைதான் மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் உணர்வைக் கொண்டு போகின்றன. பையைக் கழற்றியதும் சரியாவதைப் பார்த்தால் பட்டிதான் காரணம் என்று தோன்றுகிறது.

தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். இதே விரல்கள் முழங்கையில் நரம்பு நசிந்தாலும் விறைக்கும். கமராவைக் கண்ணில் வைத்துக் கையை மடித்தபடி நெடுநேரம் குருவிக்குக் காத்திருப்பவர்களுக்கும், மேசையில் முழங்கையை ஊன்றி வேலை செய்பவர்களுக்கும் அது வரும். கழுத்தெலும்புத் தேய்மானத்தாலும் வரலாம். அதனால் பை வாங்க முன்னர் ஒரு மருத்துவரிடம் கையையும் கழுத்தையும் காட்டுங்கள். உங்கள் வயதில் இரத்தத்தில் சீனியின் அளவையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கலியாண வீடுகளில் படம் பிடிக்கும் பொடியன்கள் பலர் இதே பிரச்சினையோடு என்னிடம் வருகிறார்கள். தொழிலை விட முடியாததால், பிடி தளர்ந்து கமரா கையிலிருந்து நழுவத் தொடங்கிய பிறகுதான் வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மிகவும் மனவருத்தமாக இருக்கும். நீங்கள் விறைப்போடு இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள். நல்லது.

சரி, பைக்கு வருவோம். முதலில் வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பறவைகளுக்குப் பாவிக்கும் 150-600 ஸூம் லென்ஸ் கிட்டத்தட்ட இரண்டு கிலோ வரும். இரண்டு கமரா, ட்ரைபொட், பற்றரிகள், அதற்குமேல் ஒன்றரை லீற்றர் தண்ணீர், மழை அங்கி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் 11, 12 கிலோவுக்குக் குறையாது. நாள் நடைக்கு உடல் எடையில் பத்து முதல் பதினைந்து வீதத்துக்குள் நிற்பது பாதுகாப்பு. உங்களுக்கு அது 6 முதல் 9 கிலோ, பையின் எடையும் தண்ணீரும் உட்பட. ஆகவே பையை மாற்றினாலும் சாமானைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரு கமரா, இரண்டு லென்ஸ் போதும். பறவைக்குப் போகிறீர்களா, மலைக்குப் போகிறீர்களா என்று முதல் நாளே முடிவெடுங்கள். இரண்டாவது கமராவை வீட்டில் விட மனம் வராது, தெரியும். ஆனாலும் விடுங்கள்.

பையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இடுப்புப் பட்டியைத்தான். கமராப் பை என்று விற்கப்படும் பலவற்றில் இடுப்பில் ஒரு மெல்லிய நாடாதான் இருக்கும். அது பை ஆடாமல் பிடிக்கும், பாரத்தைத் தாங்காது. உங்களுக்கு வேண்டியது உள்ளங்கை அகலத்தில், பஞ்சு வைத்துத் தடித்த பட்டி. அது வயிற்றில் அல்ல, இரண்டு பக்கமும் கையால் தடவினால் தெரியும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். கால்கள் அதைச் சுமக்கப் பழகியவை. உங்கள் விரல்களைக் காப்பாற்றப் போவது அந்தப் பட்டிதான். பட்டியை மிக இறுக்கி, தொடையின் வெளிப்பக்கம் எரிந்தாலோ விறைத்தாலோ கொஞ்சம் தளர்த்துங்கள். அங்கேயும் ஒரு நரம்பு இருக்கிறது.

அடுத்தது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றும்போது பெருவிரல்கள் பின்னால் சந்திக்கும் மட்டம் வரை தையல் நாடாவால் வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது 40 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் வரும். நல்ல மலையேற்றப் பைகள் இந்த அளவைப் பார்த்துத்தான் செய்யப்படுகின்றன. உயரமான ஆளுக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம், அதனால் உயரத்தை வைத்துக் கணிக்க வேண்டாம்.

கமராப் பையா, மலையேற்றப் பையா என்று கேட்டால், உங்கள் தோளை நினைத்து நான் இரண்டாவதைச் சொல்வேன். 30 லீற்றர் அளவில் ஒரு மலையேற்றப் பை எடுத்து, உள்ளே கமராவுக்கான பஞ்சுப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி தனியாக விற்பனைக்கு இருக்கிறது. முதுகுப் பக்கமாகத் திறக்கும் பை கிடைத்தால் இன்னும் வசதி. சேற்றில் வைத்தாலும் முதுகில் படும் பக்கம் மேலே இருக்கும். பாரமான லென்ஸ் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்பின் மட்டத்தில் இருக்கட்டும். ட்ரைபொட் ஒரு பக்கம், தண்ணீர்ப் போத்தல் மறுபக்கம். அதிகம் பெரிய பை வேண்டாம், இடம் இருந்தால் கை தானாக எதையாவது அதில் போடும்.

ஒற்றைத் தோள் பையின் வசதி எனக்கும் விளங்குகிறது. மரை ஒன்று தலையைத் தூக்கிப் பார்க்கும்போது பையை இறக்கித் திறந்துகொண்டிருக்க முடியாது. அதற்கு, முதுகுப் பையின் தோள்பட்டியில் கமராவைக் கொளுவி வைக்கும் கிளிப் ஒன்று பூட்டுங்கள். கமரா நெஞ்சோடு ஒட்டி நிற்கும், ஆடாது. கழுத்தில் தொங்கவிட்டு ஒன்பது கிலோமீற்றர் நடக்க வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் அது கழுத்தை இழுக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சாமான்களையே கொண்டு போங்கள். வெறும் பை எல்லாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். நிறைத்து, எல்லாப் பட்டிகளையும் தளர்த்தி, இடுப்புப் பட்டியை முதலில் பூட்டுங்கள். அப்புறம் தோள்பட்டி, கடைசியாக நெஞ்சுப் பட்டி. தோள்பட்டிக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் இலகுவாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். கால் மணித்தியாலம் நடந்து, படியும் ஏறிப் பாருங்கள். விலை கூடியது என்பதற்காக எடுக்க வேண்டாம்.

இப்போதைக்கு மூன்று கிழமை வலது தோளில் எதையும் மாட்டாதீர்கள், அலுவலகத்துக் கணினிப் பை உட்பட. இடது தோளுக்கு மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம், அங்கேயும் அதே வழிதான். சுடுநீர் ஒத்தடம் கொடுக்கலாம். யாரிடமும் கழுத்தை நெட்டி முறிக்கக் கொடுக்க வேண்டாம். பாமசியில் நீங்களாகவே டைக்ளோஃபெனாக் என்ற நோ மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அது கூடாது.

கை பலமிழந்து சேட் பொத்தான் பூட்டக் கஷ்டமானால், உள்ளங்கைத் தசை மெலிந்தால், கை வீங்கி நீலம் பாய்ந்தால், அல்லது கால்களும் தளர்ந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் கைக்கு நோ பரவினால் அது பையின் வேலை அல்ல. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

விறைப்பு முற்றாக நின்ற பிறகு, முதல் நடையை மலையில் வைக்காதீர்கள். தலங்கம குளக்கரைக்கு ஒரு காலையில் போங்கள், அங்கேயும் பறவைகள் நிறைய. புதுப் பையில் பாதிப் பாரம், ஒரு மணித்தியாலம். விரல் விறைத்தால் அங்கேயே பையைத் தோளிலிருந்து இறக்கி, நடையை நிறுத்தி வீட்டுக்கு வந்து, மருத்துவரை மறுபடி பாருங்கள். அந்தத் தடவை நிறைத்த பையையும் கையோடு கொண்டு போங்கள். போட்டுக் காட்டினால் தோள் எவ்வளவு இறங்குகிறது என்று அவர் நேரிலேயே பார்ப்பார்.