வெள்ளத்தில் நின்ற வண்டியா?

கேள்வி: சென்னையில் 2018-ஆம் ஆண்டு டீசல் ஸ்கார்ப்பியோ ஒன்று விலைக்கு வருகிறது. ஓடோமீட்டர் 62,000 கி.மீ. காட்டுகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: ஓடோமீட்டர் இருக்கட்டும்; 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வண்டி நின்றதா என்பதை முதலில் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து, வழக்கமாகச் சுருளுக்குள் மறைந்திருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடோ பூஞ்சை வாடையோ தென்பட்டால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். உங்களுக்கு முன்பே விற்பவர் அதைச் சூடேற்றி வைத்திருந்தால், ஆறிய எஞ்சினில் தெரியும் கோளாறை மறைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்தான் வரும். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால், எஞ்சினுக்குள் வாயு கசியாமல் அடைக்கும் வளையங்களான பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. டயர், கிளட்ச் தேய்மானத்தைப் பேரத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஆர்.சி.யில் கடன் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.