கடை ஏறி இறங்காமல் பயணத்துக்கு உடுப்பு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தை மாதம் மனைவியோடு சென்னை, சிதம்பரம், மதுரை, திருச்செந்தூர் என்று 12 நாள் கோயில் பயணம் போகிறோம். எனக்கு உடுப்புக்கடை என்றாலே தலையிடி. ஒரு சேட் கேட்டால் இருபதை விரித்துப் போடுவார்கள். கடைசியில் மனதுக்குப் பிடிக்காத ஒன்றோடு வீட்டுக்கு வந்து சேர்வேன். இருக்கிற உடுப்பெல்லாம் ஏழெட்டு வருடப் பழசு. அலைச்சல் குறைய என்ன செய்யலாம்? – கொக்குவில் வாசகர்

பதில்: கடையை விடுங்கள், அலுமாரியைத் திறவுங்கள். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ரவுசரில் உள்தொடை, சேட்டில் கொலர் மடிப்பு, முதுகின் மேற்பகுதி: முதலில் நைவது இவைதான். அங்கே நூலிழை தனித்தனியாகத் தெரிந்தால் அந்த உடுப்பு பயணத்துக்கு உதவாது, வீட்டில் உடுக்கலாம். தப்பியதை உடுத்துக்கொண்டு நிலத்தில் சம்மணம் கட்டி இருங்கள். பிடிக்கிறதா, இடுப்பு அறுக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். நின்றபடி கண்ணாடியில் பார்த்து எடுத்த ரவுசர்தான் கோயில் மண்டபத்தில் குனியும்போது கிழியும்.

கொலர் விளிம்பு மட்டும் நைந்த சேட்டை எறிய வேண்டாம். தையற்காரர் கொலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்துவிடுவார். ஆனால் கொலர் நுனியில் தெறி பூட்டும் சேட் என்றால் சரிவராது. தெறி ஓட்டை இடம் மாறி நிற்கும். சிப் மூடியும் பின்னால் பிளந்துகொண்டு போகிறதா? பெரும்பாலும் பல்லில் பிழை இருக்காது, மேலும் கீழும் இழுக்கிற ஓட்டிதான் தளர்ந்திருக்கும். ஓட்டியின் இரு பக்கத்தையும் குறட்டால் மெல்ல ஒருமுறை நெரித்துப் பாருங்கள். பலமாக நெரித்தால் ஓட்டி உடைந்து சிப்பையே மாற்ற வேண்டி வரும்.

இனி எத்தனை தேவை? மூன்று நாளுக்கு ஒருமுறை தோய்ப்பதென்றால் 4 சேட், 2 ரவுசர், 2 வேட்டி, உள்ளுடுப்பு 5 சோடி, ஒரு சாறம், குளிரூட்டிய ரயில் பெட்டிக்கு மெல்லிய சுவெற்றர் ஒன்று போதும். ஜீன்ஸ் வேண்டாம். ஒன்றே ஏறக்குறைய 700 கிராம் நிறை, தோய்த்தால் ஒரு இரவில் காயாது. தடித்த துவாயும் அரைக் கிலோவுக்கு மேல் வரும். அதன் இடத்தில் மெல்லிய பருத்தித் துவாய் ஒன்று வையுங்கள். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் விடுகின்றன. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏரீஆர் ரகச் சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள தட்டும் சிறியது.

கோயில் பயணத்தில் பலர் யோசிக்காமல் விடுவது பொக்கற்றை. நல்லூரில் போலவே திருச்செந்தூரிலும் ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டிக்குப் பொக்கற் இல்லை. அப்போது கடவுச்சீட்டும் காசும் எங்கே? வேட்டிக்குள் உடுக்கும் அரைக்காற்சட்டையின் முன்பக்கத்தில் 15 சென்ரிமீற்றர் உயரம், 11 சென்ரிமீற்றர் அகலத்தில் சிப் வைத்த பொக்கற் ஒன்று தைப்பியுங்கள். கடவுச்சீட்டு 12.5 × 8.8 சென்ரிமீற்றர், இந்த அளவில் தாராளமாக இறங்கும். பக்கவாட்டில் வைத்தால் இருக்கும்போது மடங்கும். வியர்வையில் ஊறாமல் இருக்கக் கடவுச்சீட்டை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டே வையுங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள், அதற்குப் பொக்கற் தேட வேண்டியதில்லை.

குறைகிற சேட்டுக்கு ஆயத்த உடுப்புக்கடை வேண்டாம். துணி எடுத்துத் தைப்பியுங்கள். உங்களுக்கு அளவாக இருக்கிற பழைய சேட் ஒன்றைத் தையற்காரரிடமே விட்டுவிட்டு, "இதே அளவு" என்று சொன்னால் அளவெடுக்கிற பேச்சே இல்லை. பலமுறை தோய்த்த சேட்டாகக் கொடுங்கள், அது இனிச் சுருங்காது. முதலில் ஒன்று மட்டும் தைப்பித்து, உடுத்து, ஒருமுறை தோய்த்துப் பார்த்த பிறகு மற்றவற்றைக் கொடுங்கள். நாலையும் ஒரேயடியாகத் தைத்து, கைக்குழி பிடிக்கிறது என்றால் நாலும் பிழை. தீபாவளி, தைப்பொங்கலுக்கு முந்திய வாரங்களில் தையற்கடையில் உடுப்பு மலையாகக் குவிந்திருக்கும். தையில் பயணம் என்றால் கார்த்திகையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

உள்ளுடுப்பும் மேசும் மட்டும் கட்டாயம் புதிது. உடுக்காமல் வைத்திருந்தாலும் இலாஸ்டிக் காலத்தில் இற்றுப்போகும். இருப்பதன் அளவையும் கம்பனிப் பெயரையும் துண்டில் எழுதி வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். போட்டுப் பார்க்கிற சாமான் இல்லை, நீங்கள் கடைக்குப் போகவே தேவையில்லை.

கேள்வி: சல்வாரும் ஒரு சேட்டும் தைப்பிக்க எத்தனை மீற்றர் துணி எடுக்க வேண்டும்? எந்தத் துணி மினுக்காமல் உடுக்கலாம்? – சாவகச்சேரி வாசகி

பதில்: துணியின் அகலத்தைக் கேட்காமல் மீற்றர் சொல்ல முடியாது. 44–45 அங்குல அகலத் துணியில் நடுத்தர உடம்புக்கு முழங்கால் வரையான மேற்சட்டைக்கு 2.5 மீற்றர், கீழ்க்காற்சட்டைக்கு 2 முதல் 2.5 மீற்றர். ஆணுக்கு முழுக்கைச் சேட் என்றால் 2.25 மீற்றர். அதே சேட்டுக்கு 58–60 அங்குல அகலத் துணியில் 1.6 மீற்றர் போதும். கோடோ பெரிய பூவோ போட்ட துணி என்றால் பொருத்தி வெட்ட இன்னும் கால் மீற்றர் கூட்டி எடுங்கள்.

யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் வேலைநாள் காலையில் போனால் சனமில்லாமல் பார்த்து எடுக்கலாம். துணியின் ஒரு மூலையைக் கைக்குள் பத்து விநாடி பொத்திக் கசக்கி விடுங்கள். மடிப்புக் கூராக நின்றால், மினுக்கி இல்லாத விடுதியில் அதே மடிப்போடுதான் நிற்பீர்கள். தனிப் பருத்தியும் லினனும் கசங்கும். தனிப் பொலியெஸ்டர் கசங்காது, ஆனால் உடம்பின் எண்ணெயைப் பிடித்து வைத்து நாறும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணிதான் பயணத்துக்குத் தோது. கடைக்காரர் "சுத்தப் பருத்தி" என்று சொன்னால், வீட்டில் ஓரத்து நூலொன்றை எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகத் திரளும்.

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவிட்டு மினுக்குங்கள். 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். ஒரு மீற்றர் நீளத்தில் அது 3 முதல் 5 சென்ரிமீற்றர். இதைச் செய்யாததால்தான் புதுச் சல்வார் இரண்டாம் தோய்ப்போடு தங்கச்சிக்குப் போய்ச் சேர்கிறது. நிறத்தில் கரும்நீலம், சின்னப் பூப்போட்டது எல்லாம் நல்லது. இளஞ்சாம்பல் வேண்டாம், வியர்வை ஈரம் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: வெள்ளைச் சேட்டுகள் எவ்வளவு தோய்த்தும் மங்கல். அக்குளில் மஞ்சள் வேறு. – கோண்டாவில் வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு காரணம். எங்கள் யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருப்பதால் தண்ணீர் கடினம். அதிலுள்ள கல்சியம் சவுக்காரத்தோடு சேர்ந்து கரையாத அழுக்குப் படையாகத் துணியில் ஒட்டும். நுரையும் வராது. வெள்ளைக்குச் சவுக்காரக் கட்டியை நிறுத்தித் தோய்க்கும் தூளுக்கு மாறுங்கள். அரை வாளிச் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தூள், அரை மணித்தியாலம் ஊறல். கடைசி அலசலுக்கு 5 லீற்றர் தண்ணீரில் கால் கோப்பை வெள்ளை வினாகிரி. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே போதும். நீலம் போடுவது மங்கலை மறைக்குமே தவிர எடுக்காது. கூடினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

அக்குள் மஞ்சள், வியர்வையும் வியர்வை அடக்கும் பூச்சிலுள்ள அலுமினியமும் சேர்ந்து வருவது. அப்பச்சோடா மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு குழைத்துப் பூசி, ஒரு மணித்தியாலம் விட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் வெளுப்பான் போட்டால் மஞ்சள் கூடும். அதை வினாகிரியோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். கறை போகும் வரை மினுக்காதீர்கள். சூடு கறையை நிலைக்க வைத்துவிடும்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த புதுச் சப்பாத்து, பெட்டியில் நாலு வருடம் வைத்தது. ஒரு நாள் போட்டதும் அடித்தட்டு உதிர்ந்து விழுந்தது. போலிச் சாமானா? – சுன்னாகம் வாசகர்

பதில்: போலியாக இருக்கத் தேவையில்லை. பல நல்ல சப்பாத்துகளின் அடித்தட்டு பொலியூரித்தேன் நுரையால் ஆனது. ஈரப்பதனில் அது மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் பூட்டி வைத்தாலும்தான். பயணத்துக்கு முன் நகத்தால் அடித்தட்டின் பக்கத்தை அழுத்திப் பாருங்கள். பொடிந்தாலோ பிசுபிசுத்தாலோ கொண்டுபோகாதீர்கள். பசை பிடிக்காது, நுரையே கெட்டுவிட்டது. மேற்பகுதி நல்லதென்றால் சப்பாத்துத் தைப்பவரிடம் றபர் அடி போட்டுத் தைப்பிக்கலாம்.

கேள்வி: மாசியில் நுவரெலியாவில் மூன்று நாள். தடித்த ஜக்கெற் வாங்கவா? – மானிப்பாய் வாசகி

பதில்: வேண்டாம். 1,868 மீற்றர் உயரம், மாசி இரவில் 10 பாகைக்குக் கீழே போகும், ஆனால் பகலில் வெயில். பெனியன், சேட், கம்பளிச் சுவெற்றர், மேலே காற்றுப் புகாத மெல்லிய மழை அங்கி என்று அடுக்கி உடுத்தால் கழற்றிக் கழற்றிப் போடலாம். வெளிநாட்டுச் சொந்தம் விட்டுப்போன குளிருடுப்பு இல்லாத வீடு மானிப்பாயில் இருக்காது, கேட்டு வாங்குங்கள். பூச்சி உருண்டை மணம் போக இரண்டு மூன்று நாள் நிழலில், காற்றுப் படுகிற கொடியில் போட்டுவிடுங்கள்.