புகாரை வாங்காத போலீஸ்

அன்புள்ள சார்,

மதத்தை விமர்சித்து எழுதியதற்காக வங்கதேசத்தில் கொல்லப்பட்ட வலைப்பதிவர் அவிஜித் ராய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கோடிப் பேர் புனிதமாக நினைப்பதைச் சீண்டி எழுதுகிறவருக்கும் பொறுப்பு உண்டுதானே? வங்கதேசத்தில் இதற்கு ஒரு கடுமையான சட்டம் இருந்திருந்தால், கோபப்பட்டவர்கள் அரிவாளைத் தூக்காமல் போலீசுக்குப் போயிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

செ., திண்டுக்கல்

அன்புள்ள செ.,

சட்டம் இருந்தது. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1927இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 295ஏ பிரிவு நம்மைப் போலவே அவர்களுக்கும் மிச்சமாகி வந்தது. போதாதென்று, இணையத்தில் மத உணர்வைப் புண்படுத்தினாலும் தண்டிக்க 2006இன் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 57ஆம் பிரிவு. 2013இல் அதையும் இறுக்கினார்கள்: வாரண்ட் இல்லாமலே கைது, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14. இத்தனைக்கும் பிறகுதான், 2015 பிப்ரவரி 26 அன்று, டாக்கா புத்தகக் கண்காட்சியிலிருந்து மனைவியோடு திரும்பிய அவிஜித்தை நடுத்தெருவில் வெட்டினார்கள்.

இன்னொரு வங்கதேச வலைப்பதிவர் ஆசிஃப் மொஹியுதீன் கதை தெரியுமா? 2013 ஜனவரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். எப்படியோ பிழைத்தார். ஏப்ரலில் போலீஸ் வந்து அவரையே பிடித்துக்கொண்டு போனது, மதத்தை இழிவுபடுத்தி எழுதினார் என்று.

வலைப்பதிவர் நிலோய் நீல் நீங்கள் சொல்கிறபடியே போலீசுக்குப் போனவர். யாரோ பின்தொடர்கிறார்கள் என்றார். புகாரை வாங்கவில்லை, நாட்டை விட்டுப் போய்விடும்படி அறிவுரை சொன்னார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். 2015 ஆகஸ்ட் 7 அன்று, வாடகைக்கு வீடு பார்க்க வந்ததாகச் சொன்னவர்கள் அவரை வீட்டுக்குள்ளேயே கொன்றார்கள். இரண்டே நாளில் நாட்டின் போலீஸ் தலைவர் வலைப்பதிவர்களுக்கு விடுத்த வேண்டுகோள்: வரம்பு மீறாதீர்கள்.

அரிவாளோடு நிற்பவன் காதில் இது எப்படி விழும்? ‘உன் கோபம் சரிதான், தண்டிக்கிற வேலையை மட்டும் எங்களிடம் விடு’ என்றுதானே?

சில பதிவர்கள் மட்டமாகவும் எழுதினார்கள், ஒத்துக்கொள்கிறேன். சரி, மதத்தை விடுங்கள். 57ஐ எடுத்துவிட்டு 2018இல் டிஜிட்டல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் சிக்கியவர் முஷ்தாக் அகமது. எழுத்தாளர், முதலைப் பண்ணை நடத்திய மனிதர். கொரோனாவை அரசு கையாண்ட விதத்தைக் குறை சொன்னதற்காக 2020 மே மாதம் பிடித்தார்கள். ஆறு முறை ஜாமீன் மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று சிறைக்காவலிலேயே இறந்துபோனார். அவர் எந்தக் கடவுளையும் சீண்டவில்லை, செ.